இணையவழிச் சட்ட ஆய்வும் முழுமைச் சிக்கலும்: நொய்யல் சாயக்கழிவு வழக்கை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இணையத் தீர்ப்புத் தளங்கள் சட்ட மாணவரின் முதன்மை ஆய்வுக் கருவிகளாகியுள்ளன. அவை ஒரு தீர்ப்பை எளிதில் கொணர்ந்து தருகின்றன; வழக்கின் முழுப் போக்கை அவ்வளவு எளிதில் காட்டுவதில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் தொடர்பான நொய்யல் வழக்கைச் சான்றாகக் கொண்டு, இந்த இடைவெளி தோன்றும் இடங்களையும் அதனைக் கடக்கும் வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சட்ட ஆய்வு, முன்தீர்ப்பு, நொய்யல், சாயப்பட்டறை, இணையத் தரவுத்தளம்.

முன்னுரை

உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் பிற நீதிமன்றங்கள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் என அரசமைப்புச் சட்டத்தின் 141ஆம் உறுப்பு கூறுகிறது. எனவே முன்தீர்ப்பைத் தேடிக் கண்டறிதல் சட்டக் கல்வியின் அடிப்படைத் திறனாகிறது. முன்னர் நூலக அடுக்குகளில் தொகுதி தொகுதியாகத் தேடியதை இன்று இந்தியன் கானூன் போன்ற கட்டணமில்லாத் தளங்களும், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளமும் நொடியில் தருகின்றன. கட்டணத் தரவுத்தளங்களை வாங்க இயலாத கல்லூரிகளின் மாணவர்க்கு இது பெரும் பேறு. எனினும் தேடல் விரைவானதாலேயே அது முழுமையானதாகிவிடாது என்பதை நொய்யல் வழக்கு உணர்த்துகிறது.

வழக்கின் மூன்று கட்டங்கள்

திருப்பூரின் பனியன் தொழிலைச் சார்ந்த சாய, சலவைப் பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையையும் அதன் கீழ்ப்பகுதிப் பாசன நிலங்களையும் பாழாக்கியது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பர் 22 அன்று ஆணை பிறப்பித்தது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையைப் பட்டறைகள் குறித்த காலத்துக்குள் எட்ட வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் தண்டத்தொகை செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். சாயப்பட்டறை உரிமையாளர் சங்கத்தின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபர் 6 அன்று தீர்ப்பளித்தது ((2009) 9 எஸ்.சி.சி. 737). ஆணை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் அவமதிப்பு நடவடிக்கையில் பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது.

இம்மூன்றனுள் பாடநூல்கள் பெரிதும் எடுத்தாள்வது இரண்டாவதையே. அதன் இறுதிப் பத்தியை மட்டும் படிப்பவர், தொழிலுக்குக் காலநீட்டிப்பு கிடைத்தது என்று முடிவு கட்டக்கூடும். முழுவதும் படிப்பவரோ, ஆற்றின் சூழலை மீட்கும் செலவிலிருந்து பட்டறைகள் தப்ப முடியாது என்ற சட்டநிலையே தீர்ப்பின் உயிர்நாடி என்பதைக் காண்பார். மேலும், அவமதிப்பு மனு தனி எண் பெறுவது. மூல மனுவின் எண்ணைக் கொண்டு மட்டும் தேடுபவர்க்கு மூன்றாம் கட்டம் தப்பிவிடக்கூடும். ஆகவே, ஒரு தீர்ப்பு மேற்கோள் காட்டியவற்றை நோக்கிப் பின்னும், அதனை மேற்கோள் காட்டியவற்றை நோக்கி முன்னும் செல்லும் இருவழித் தேடல் இன்றியமையாதது. மேற்கோள்களின் எண்ணிக்கை மட்டும் போதாது; பின்வந்த நீதிமன்றம் அதனைப் பின்பற்றியதா, வேறுபடுத்தியதா என்பதைப் படித்தே அறிய வேண்டும்.

தேடற்சொல்லும் ஊர்ப்பெயரும்

பெயர்களிலும் இடர் உண்டு. ஆங்கிலத்தில் திருப்பூர் என்பது ஒரு 'பி' இட்டும் இரண்டு 'பி' இட்டும் எழுதப்படுகிறது. உச்ச நீதிமன்ற வழக்கின் தலைப்பில் ஒற்றை 'பி'யே உள்ளது. ஒரு வடிவத்தை மட்டும் இட்டுத் தேடினால் முடிவுகள் குறையலாம். திருப்பூர் மாவட்டம் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டப் பகுதிகளிலிருந்து 2009இல்தான் உருவானது. அதற்கு முந்தைய ஆவணங்களை அவ்விரு மாவட்டப் பெயர்களிலும் தேட வேண்டும். உள்ளூர் வழக்கான 'ஆயக்கட்டு' ஆங்கில எழுத்தில் அப்படியே தீர்ப்பில் இடம்பெற, 'சாயக்கழிவு' என்பதோ 'எஃப்ளுவென்ட்' என்றே வழங்குகிறது. ஆகவே, தேடலுக்கு முன்பே தமிழ்ச் சொற்களுக்கு நேரான சட்டச் சொற்களைப் பட்டியலிடுதல் பயன்தரும்.

தீர்ப்புக்கு வெளியே உள்ள சட்டம்

தோல் பதனிடும் தொழிற்சாலைகள் குறித்த வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, சூழல் இழப்பீட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. நொய்யல் உழவர்க்கான இழப்பீடும் அதன் வழியே தீர்மானிக்கப்பட்டது. இத்தகைய ஆணையங்களின் முடிவுகள், மாசுக்கட்டுப்பாட்டு வாரிய ஆணைகள், அரசாணைகள் ஆகியன தீர்ப்புத் தளங்களில் ஒருங்கே கிடைப்பதில்லை. கல்லூரிச் சட்ட உதவி மையத்தை நாடிவரும் பாசன உழவர்க்கு இவையே உடனடித் தேவை. தளத்தில் கிட்டாததால் சட்டமே இல்லை எனக் கொள்ளும் மாணவரின் அறிவுரை, ஒரு குடும்பத்தின் உரிமையை இழக்கச் செய்யலாம்.

மொழிபெயர்ப்பும் செயற்கை நுண்ணறிவும்

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல இன்று தமிழிலும் வெளியாகின்றன. பொருளுணர இவை பெரிதும் உதவும். ஆயினும் சட்டத் தேவைகளுக்கு ஆங்கில மூலமே அதிகாரமுடையது. செயற்கை நுண்ணறிவு தரும் மேற்கோள்களில் கூடுதல் விழிப்பு வேண்டும். இல்லாத வழக்குகளைச் சான்று காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. எந்த மேற்கோளையும் மூலத்தில் படித்துச் சரிபார்த்த பின்னரே எடுத்தாள வேண்டும் என்பதே இதன் பாடம்.

முடிவுரை

நொய்யல் வழக்கு ஒற்றைத் தீர்ப்பாக நின்றுவிடவில்லை; மனு, மேல்முறையீடு, அவமதிப்பு, இழப்பீடு எனத் தொடர்ந்து சென்றது. தேடுபொறி அத்தொடரின் ஒரு கண்ணியை முதலில் காட்டும். எஞ்சியவற்றைக் கோப்பது ஆய்வாளர் கடமை. சொற்பட்டியல், இருவழித் தேடல், மூலச் சரிபார்ப்பு, தீர்ப்புக்கு வெளியேயான ஆவணங்கள் ஆகிய நான்கையும் சட்டக் கல்லூரிகள் உள்ளூர் வழக்குகளைக் கொண்டே பயிற்றுவித்தல் வேண்டும். அவ்வாறு பயின்ற மாணவர், தம் ஊர் ஆற்றங்கரை உழவர்க்கும் பட்டறைத் தொழிலாளர்க்கும் நம்பத்தக்க விடை கூறும் தகுதி பெறுவார்.