முதல் விக்கியின் பனுவல் இயல்பு: ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

திறனாய்வு என்றவுடன் கவிதை, சிறுகதை, புதினம், நாடகம் ஆகிய வடிவங்களே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் எழுத்தால் அமைந்து, படிப்போரிடையே பொருளை உருவாக்கும் எதனையும் பனுவல் எனக் கொள்வது இக்காலத் திறனாய்வின் பொதுவான நிலைப்பாடாகும். அவ்வகையில் விக்கி என்னும் எழுத்துவடிவமும் நம் ஆய்வுக்கு உரியதே. விக்கி என்றால் 2001ஆம் ஆண்டில் தொடங்கிய விக்கிப்பீடியாவையே பலரும் எண்ணுவர். ஆனால் அதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு சிறிய நிரலாளர் குழுவினருக்காக முதல் விக்கி நிறுவப்பட்டது. அதன் பனுவல் எவ்வாறு அமைந்தது, அதன் ஆசிரியர் யார், அது ஏன் தளர்ந்தது என்னும் மூன்று வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகின்றது. பயிற்றுப்பொருள்களையும் கலைச்சொற்களையும் பலர் கூடித் தொகுக்க முனையும் தமிழாசிரியர்களுக்கு இவ்வினாக்கள் நேரடியாகப் பயன்படுவன என்பது நம் கருத்தாகும்.

தோற்றச் சூழல்

கட்டடக் கலைஞரான கிறிஸ்டோபர் அலெக்சாண்டர், 1977ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் வெளியிட்ட நூலொன்றில், கட்டடங்களிலும் ஊர்களிலும் மீண்டும் மீண்டும் எழும் சிக்கல்களையும் அவற்றிற்கான தீர்வுகளையும் தனித்தனிப் பாங்குகளாக வகுத்து, ஒவ்வொன்றிற்கும் பெயரிட்டு, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துக் காட்டினார். இம்முறையை மென்பொருளாக்கத்திற்குக் கொண்டுவர முயன்றோருள் வார்டு கன்னிங்காம், கெண்ட் பெக் ஆகிய இருவரும் முன்னோடிகள் ஆவர். 1987ஆம் ஆண்டு மாநாடொன்றில் அவர்கள் இதுபற்றிய கட்டுரையை அளித்தனர். நிரலாக்கத்தில் பாங்குகள் பட்டறிவிலிருந்து பிறப்பவை. பட்டறிவு மிக்கவரோ எழுதுவதற்கு நேரமும் விருப்பமும் இல்லாதவராகவே பெரும்பாலும் இருந்தனர். அவர்களை எழுதவைப்பது எப்படி என்பதே கன்னிங்காமின் முன் நின்ற வினா.

அதற்கான விடையாக, பெர்ல் நிரல்மொழியில் அவர் எழுதிய சிறு நிரல் ஒன்று, 1995 மார்ச்சு 25ஆம் நாள் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரைச் சார்ந்த அவரது நிறுவனத்தின் இணைய வழங்கியில் நிறுவப்பட்டது. போர்ட்லாந்து பாங்குக் களஞ்சியம் என்னும் தொகுப்பின் பகுதியாக அது அமைந்தது. பாங்குகளை எழுதுவோர் அதற்கு அழைக்கப்பட்டனர். எவரும் எப்பக்கத்தையும் அங்கேயே திருத்தலாம், புதுப்பக்கம் தொடங்கலாம், இசைவு பெற வேண்டியதில்லை. ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரிலிருந்து, விரைவு என்னும் பொருளுடைய ஹவாய் மொழிச்சொல் இதற்குப் பெயராயிற்று.

பெயரே இணைப்பாதல்

இப்பனுவலில் முதலில் நோக்கத்தக்கது பெயரிடும் முறையாகும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக எழுதினால் அதுவே இணைப்பாகிவிடும். அப்பெயரில் பக்கம் இருந்தால் வாசகர் அங்குச் செல்வார். இல்லையெனில் பெயரை அடுத்து ஒரு வினாக்குறி தோன்றும். அவ்வினாக்குறியைச் சொடுக்குபவர் அப்பக்கத்தின் முதல் எழுத்தாளர் ஆவார். இன்னும் எழுதப்படாத ஒன்று, எழுதப்பட்ட வாக்கியத்தின் நடுவிலேயே தன் இன்மையை அறிவித்து நிற்கின்றது. அச்சு நூலில் இத்தகைய வெற்றிடம் குறையாகக் கருதப்படும். இங்கோ அதுவே அழைப்பாகின்றது. எழுதத் தயங்கியோரை எழுதவைத்தது இவ்வினாக்குறியே எனலாம்.

மேலும், இம்முறையில் ஒரு முழுத்தொடரே பெயராகி, பின்னர்க் குழுவின் சொல்வளத்தில் ஒரு சொல்லாக நிலைபெற்றது. இன்று தேவைப்படாத ஒன்றை நாளைக்கு உதவும் என்றெண்ணி நிரலில் சேர்க்காதே என்னும் அறிவுரை, 'அது உனக்குத் தேவைப்படாது' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடராகப் பக்கத்தலைப்பாயிற்று. நிரலாளர் அதனை ஒரு சொல்லைப்போல் உரையாடல்களில் ஆண்டனர். தமிழ் மரபில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் போன்ற புலவர்கள் தம் பாடலில் அமைந்த தொடராலேயே பெயர் பெற்றனர். அங்கு இயற்பெயர் மறைய, தொடர் ஆசிரியரைச் சுட்டிற்று. இங்கு ஆசிரியர் மறைய, தொடர் கருத்தைச் சுட்டிற்று. இரண்டிலும் நிலைத்தது தொடரே.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. தமிழ் எழுத்துமுறையில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. ஆகவே முதல் விக்கியின் முறையில் தமிழ்ப்பக்கம் ஒன்றிற்கு இணைப்புத் தருவது இயலாது. விக்கிப்பீடியாவில் சொற்களை இரட்டைச் சதுர அடைப்புக்குறிகளுக்குள் இடும் முறை வந்த பின்னரே, பெரிய எழுத்தில்லாத மொழிகளுக்கு வழி திறந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. அப்போதும் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. ஆங்கிலப் பெயர் வாக்கியத்தில் பெரும்பாலும் உருமாறாது நிற்கும். தமிழிலோ தொல்காப்பியம் என்னும் தலைப்பு, தொல்காப்பியத்தில் எனச் சாரியை பெற்று வேற்றுமை ஏற்கும். எனவே இணைப்பின் இலக்கினையும் அதன் தோற்றத்தையும் தனித்தனியே எழுத வேண்டியுள்ளது. எல்லா மொழிக்கும் பொதுவானதாகத் தோன்றும் ஒரு கருவியினுள்ளும் ஒரு மொழியின் இலக்கணம் மறைந்திருக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

உரையாடலும் உரையும்

முதல் விக்கியில் இருவகை எழுத்துகள் காணப்பட்டன. ஒன்று உரையாடல் வகை: ஒருவர் கருத்துரைத்துப் பெயரிட, மற்றொருவர் அதன்கீழ் மறுத்துரைத்துப் பெயரிடுவார். மற்றொன்று ஆவண வகை: பெயர் எதுவுமின்றி, பொதுக்குரலில் அமைந்த விளக்கவுரை. உரையாடல் முதிர்ந்தபின் யாரேனும் அதனைச் சுருக்கி ஆவணமாக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. நடைமுறையில் உரையாடல்கள் நீண்டன, சுருக்குவோர் குறைந்தனர். வாதிடுதல் எளிது, பிறர் வாதத்தை நடுநின்று தொகுத்தல் அரிது என்னும் உண்மையை அப்பக்கங்கள் காட்டுகின்றன.

சுருக்கும்போது நேரும் இழப்பும் கருதத்தக்கது. யார், யாரை, எதற்காக மறுத்தார் என்பது ஆவணத்தில் மறைந்துவிடுகின்றது; முடிவு மட்டுமே எஞ்சுகின்றது. நம் உரைமரபு இச்சிக்கலை வேறுவிதமாகக் கையாண்டது. சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரை உரையாசிரியர் என்னும் பெயராற் சுட்டி, அவர் கொள்கையை எடுத்துக்கூறி, அதன்பின்னரே மறுக்கின்றார். மறுக்கப்பட்ட கருத்தும் மறுத்த காரணமும் ஒருங்கே நமக்குக் கிடைக்கின்றன. ஒருவரது உரை மற்றொருவரது உரையை அழிக்கவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்குப் பல உரைகள் அருகருகே நிற்கின்றன. விக்கியின் ஒற்றைப்பக்க அமைப்பு இப்பன்மைக்கு இடந்தரவில்லை. ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்னும் விதி இணக்கத்தை நோக்கித் தள்ளுவது உண்மையே. ஆயின் இணங்காதவரின் அறிவு எங்கே சேமிக்கப்படும் என்னும் வினாவிற்கு அது விடை தரவில்லை. இதனை முதல் விக்கியின் முதன்மையான குறைபாடாக நாம் கருதுகின்றோம்.

பெயரும் பொறுப்பும்

விக்கிக்கு ஆசிரியர் இல்லை என்பது பரவலான கூற்று. முதல் விக்கியைக் கூர்ந்து நோக்கினால் இக்கூற்று பொருந்தவில்லை. அங்குப் பலர் தம் மெய்ப்பெயரையே இட்டனர். பெயரும் சொற்கள் சேர்ந்த வடிவில் எழுதப்பட்டமையால் அதுவும் ஓர் இணைப்பாகி, அவரைப் பற்றிய பக்கத்திற்கு இட்டுச் சென்றது. தொடக்கத்தில் வந்தோருள் பலர் மாநாடுகளில் ஒருவரையொருவர் கண்டு பழகியவர்கள். பூட்டில்லாத வீடு பாதுகாப்பாக இருந்தமைக்குக் காரணம் அறிமுகமே, கதவின் சிறப்பன்று.

குழு பெருகியபோது இவ்வறிமுகம் தளர்ந்தது. பாங்குகளுக்காகத் தொடங்கிய களத்தில், 1990களின் இறுதியில், கெண்ட் பெக் முன்னெடுத்த உச்சநிலை நிரலாக்கம் பற்றிய விவாதங்கள் பெருகின. விக்கியைப் பற்றியும் இணையக் குழுமங்களைப் பற்றியும் பேசுவதற்கென மீட்பால் என்னும் தனி விக்கி 2000ஆம் ஆண்டில் தோன்றிற்று. மனக்கசப்புற்ற சிலர் தாம் எழுதிய அனைத்தையும் அழித்துச் சென்றமையும் உண்டு. அவ்வாறு அழிக்க அவர்களுக்கு உரிமை உண்டா என்பது எளிதில் தீராத வினா. எழுத்து எழுதியவருக்கு உரியதெனின் உண்டு; அதற்கு மறுமொழி எழுதியோரும் அப்பனுவலின் பங்காளிகள் எனின் இல்லை. ஒருவரின் கூற்று நீங்கியதும் மற்றவரின் விடை வினாவற்ற விடையாகி நிற்கும்.

தொடக்கக்கால விக்கியில் பக்கங்களின் பழைய வடிவங்கள் இன்றைய விக்கிகளிற்போல் முழுமையாகப் பேணப்படவில்லை. மறத்தலும் மன்னித்தலும் எளிதாக இருந்தன. ஆனால் மீட்டல் அரிதாயிற்று. ஏட்டைப் படியெடுத்தவர் பழைய ஏட்டைக் கைவிட்டால் பாடவேறுபாடு அறியவியலாது. உ.வே. சாமிநாதையரின் பதிப்புகள் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்து அவ்விழப்பைத் தடுத்தன. பின்னாளைய விக்கிகளின் திருத்த வரலாறு செய்வதும் ஏறத்தாழ இப்பணியே.

முதல் விக்கி பின்னாளில் படிப்பதற்கு மட்டும் உரியதாயிற்று. கன்னிங்காமே 2011ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டிணைவு விக்கி, ஒவ்வொருவரும் ஒரே பக்கத்தின் தம் படியைத் தம்மிடமே வைத்துத் திருத்தவும் பிறர் படியிலிருந்து வேண்டுவதைக் கொள்ளவும் இடமளிக்கின்றது. ஒரு மூலத்திற்குப் பல உரைகள் என்னும் நிலைக்கு இது நெருங்கி வருவது நோக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து, முதல் விக்கியின் வெற்றி அதன் திறந்த தன்மையால் மட்டும் விளைந்ததன்று என்பது புலனாகின்றது. சிறிய குழு, பொதுவான தொழில், அறிந்த முகங்கள், எழுதத் தூண்டும் பெயரிடும் முறை ஆகியவை கூடியே அதனை வளர்த்தன. இவற்றுள் மென்பொருளால் தரத்தக்கது இறுதியில் கூறிய ஒன்றே. ஆகவே ஒரு பள்ளியிலோ துறையிலோ விக்கி தொடங்க விழைவோர், எந்த மென்பொருள் என்று வினவுவதற்கு முன், யார் எழுதுவர், யார் தொகுப்பர், மாறுபட்ட கருத்து எங்கு இடம்பெறும், பழைய வடிவம் எவ்வாறு பேணப்படும் என்று வினவுதல் வேண்டும். இவற்றுள் தொகுப்போர் யார் என்பதே பெரிதும் மறக்கப்படுகின்றது. மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் நாம், பிறர் எழுதியதைப் பொருள் திரியாமல் தொகுக்கக் கற்பிப்பது குறைவு. மறுக்கும் கருத்தை முதலில் செவ்வனே எடுத்துரைக்கும் உரையாசிரியரின் பண்பு அத்தகைய பயிற்சிக்கு நம் கைவசம் உள்ள சிறந்த முன்மாதிரியாகும். அப்பயிற்சி இல்லாதவிடத்து எவ்விக்கியும் முடிவுறாத வாதங்களின் குவியலாகவே எஞ்சும் என்பதை முதல் விக்கியின் பக்கங்கள் நமக்கு உணர்த்துகின்றன.