முதலில் மூடி

முடக்குவாதக்காரர்களுக்கான ஊசிப் பேனாக்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஊசி முனையிலேயே நின்றுவிடுகிறது. வலிக்குமா, முனை கண்ணில் படுமா, எத்தனை நொடியில் முடியும் என்றுதான் கேட்கிறோம். ஆட்டோ இன்ஜெக்டர் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தப் பேனாவில், குத்துவதையும் மருந்தைத் தள்ளுவதையும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்கிறது. நோயாளியின் விரல்களுக்கு மிஞ்சியிருப்பவை மூன்று வேலைகள்: மூடியைக் கழற்ற வேண்டும், பேனாவை முடுக்க வேண்டும், மருந்து இறங்கி முடியும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். வீங்கிய விரல் முட்டிகளோடு இருப்பவரின் கஷ்டமெல்லாம் இந்த மூன்றில்தான் இருக்கிறது. கருவியையும் இவற்றை வைத்தே எடைபோட வேண்டும்.

மூடி ஏன் அவ்வளவு இறுக்கம்? பேனாவுக்குள் இருப்பது ஒரு கண்ணாடி சிரிஞ்சு. அதன் ஊசிமேல் ரப்பர் உறை ஒன்று கவ்விக்கொண்டிருக்கும். கிருமி புகாமலும் மருந்து கசியாமலும் மாதக்கணக்கில் காக்க வேண்டிய உறை அது. அதைத் தளர்த்த வழியில்லை. வெளிமூடியை இழுக்கும்போது அந்த உறையும் சேர்ந்தே உருவப்படுகிறது. ஆகவே வடிவமைப்பாளர் மாற்றக்கூடியது இழுவிசையை அல்ல, அந்த விசையைக் கையின் எந்தப் பகுதி தாங்குகிறது என்பதைத்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடித்து இழுப்பது முடக்குவாதக் கைக்கு மிகக் கடினம். உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பது அதைவிட எளிது. ஒரு விரலைக் கொக்கிபோல் மாட்டி முழங்கையால் இழுக்க முடிந்தால் அதுவே மேல்.

இந்த அளவுகோலில் 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, ஹுமிரா என்ற மருந்தின் பேனாவை வைத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு முனையிலும் இரண்டு மூடி, 1, 2 என்று எண் போட்டு. சாம்பல் நிற மூடியை நேராக இழுக்க வேண்டும். பிறகு கத்தரிப்பூ நிற மூடியை இழுத்தால் அடியில் பொத்தான் தெரியும். தவறுதலாக முடுக்கிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, பாதுகாப்பு நோக்கில் சரிதான். ஆனால் வலிக்கும் கையைப் பாதுகாப்பின் பெயரால் இரண்டு முறை இழுக்க வைக்கிறார்கள். அதன்பின் நான்கு விரல்கள் பேனாவை வயிற்றிலோ தொடையிலோ அழுத்திப் பிடித்திருக்க, கட்டைவிரல் மட்டும் பிடியை விட்டு எழுந்து உச்சியிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். பிடிக்கும் வேலையும் அமுக்கும் வேலையும் ஒரே கையில். ஊசிக்குப் பயந்தவர்களுக்கு அந்தப் பேனா பெரிய வரம் என்பதை மறுக்கவில்லை. கை முடங்கியவர்களுக்கு அது பாதி உதவிதான்.

இதற்கு நேர்மாறான வழியில் போனது சிம்சியா. 2009-இல் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்ற அந்த மருந்துக்கு சிரிஞ்சு வடிவமைக்க, யூசிபி நிறுவனம் சமையலறைச் சாமான் செய்யும் ஆக்ஸோவைச் சேர்த்துக்கொண்டது. ஆக்ஸோவின் பிறப்பே மூட்டுவாதத்தில்தான். அதை நிறுவிய சாம் ஃபார்பரின் மனைவி பெட்சிக்குக் கைமூட்டு வலி. தோல்சீவி பிடிக்கத் தடுமாறினார். அவருக்காக யோசித்த தடித்த ரப்பர்ப் பிடிதான் 1990-இல் கடைக்கு வந்து பேர் வாங்கியது. சிம்சியா சிரிஞ்சில் ஸ்பிரிங் கிடையாது. கட்டைவிரல் அழுத்த அகன்ற வட்டத் தட்டு, விரல்களுக்கு அண்டக் கொடுக்கும் பரந்த பிடி, ஊசி மூடியில் ஒரு பிளாஸ்டிக் வளையம். அந்த வளையம் சின்ன விஷயம். ஆனால் நான் பார்த்தவரை இந்தத் துறையில் கையை உண்மையாகவே கவனித்து வைத்த உறுப்பு அதுதான். விரலை நுழைத்து இழுத்தால் போதும், கிள்ள வேண்டாம். வேகமும் நோயாளியின் வசம்: எரிந்தால் நிறுத்தலாம், மெதுவாகத் தள்ளலாம். குறை என்னவென்றால், கெட்டியான மருந்தை மெல்லிய ஊசிவழி தள்ளும் பாரம் கட்டைவிரலின்மேல் விழுகிறது. ஊசித் துவாரத்தின் ஆரம் பாதியானால் அதே வேகத்தில் தள்ளப் பதினாறு மடங்கு அழுத்தம் வேண்டும் என்பது இயற்பியல். அகன்ற தட்டு அந்தப் பாரத்தைப் பரப்புமே தவிரக் குறைக்காது.

மூன்றாவது வழி, பொத்தானே இல்லாத பேனா. மூடியை எடு, தோலில் வைத்து அழுத்து, அவ்வளவுதான். 2015-இல் செகுகினுமாப் என்ற மருந்தோடு (அது முடக்குவாதத்துக்கான மருந்தல்ல) அமெரிக்காவில் வந்த சென்சோரெடி இந்த வகை. முக்கோண உடல், மேசையில் உருளாது, பொத்திப் பிடிக்கலாம். முடுக்கும் வேலையைத் தோளும் முழங்கையும் செய்கின்றன, கட்டைவிரலுக்கு ஓய்வு. முடுக்குவதைப் பொறுத்தவரை இதற்கு மேல் ஒரு தீர்வு வரவில்லை. ஆனால் மூடியைத் திருக வேண்டும்! விரல்களைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் திருகலைத் தவிர்க்கச் சொல்வது முடக்குவாதக்காரர்களுக்குச் சொல்லித்தரும் பாலபாடம். இன்னொரு ஆபத்தும் உண்டு: ஸ்பிரிங் ஓடத் தொடங்கிய பிறகு கை தளர்ந்து பேனா எழும்பினால், விலையுயர்ந்த மருந்து தோலில் வழிந்து வீணாகும். சிரிஞ்சில் அப்படி இல்லை.

என்ப்ரல் என்ற மருந்துக்கான ஆட்டோடச், மின்னணுக் கருவி. வேகத்தை மாற்றலாம், விளக்கும் ஒலியும் உண்டு. ஆனால் மருந்துக் குப்பியைக் கதவு திறந்து பொருத்தும் வேலை கூடுகிறது. மெச்சத்தக்க முயற்சி, தவறான திசை. நோயாளிக்கு அதைவிட நிம்மதி தந்தது ஹுமிராவின் மருந்துக் கலவையில் செய்த திருத்தம்: எரிச்சல் தரும் சிட்ரேட்டை நீக்கி, 0.8 மில்லி திரவத்தை 0.4 ஆக்கினார்கள். உடலில் இறங்க வேண்டிய திரவத்தின் அளவே பாதியானது.

இவற்றையெல்லாம் சோதிக்காமல் விற்பதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒவ்வொரு பயனர் பிரிவிலும் குறைந்தது 15 பேரை வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. என் ஆட்சேபம் எண்ணிக்கைமேல் இல்லை. எந்தக் கை, எந்த வேளை என்பதில். முடக்குவாதத்தில் காலையில் விரல்கள் விறைத்திருக்கும், மதியத்துக்குள் இளகும். மருந்து பிடித்துவிட்ட கையும் ஓரளவு இளகிய கைதான். ஆனால் முதல் ஊசியைப் போட்டுக்கொள்வது மருந்து இன்னும் தொடாத கை. தவணை தவறி நோய் கிளம்பும்போது போட வேண்டியதும் அப்படிப்பட்ட கைதான். சுகமான நேரத்துக் கையை வைத்துத் தேர்வான பேனா, அது அதிகம் தேவைப்படும் நாளில் திறக்காமல் போகலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. முடுக்குவதில் அழுத்திப் போடும் பேனா வென்றது. இனிப் பொத்தான் பேனாவை முடங்கிய கைக்குப் பரிந்துரைக்க நியாயமில்லை. மூடியில் சிம்சியாவின் வளையம் வென்றது. இரண்டையும் ஒரே கருவியில் சேர்ப்பதுதான் வடிவமைப்பாளர்கள் முடிக்க வேண்டிய வேலை. தெருமுனை கிளினிக்கில் நர்ஸ் ஊசி போட்டுவிடும் நம் ஊரில் இது அவசரமில்லை என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு ஊசிக்கும் ஆட்டோ பிடித்துப் போய் வருவதும் அதே வலிக்கும் உடம்புதான்.

நான் பார்த்த நோயாளிக் கையேடுகள் எதிலும் மூடியைக் கழற்ற எவ்வளவு பலம் வேண்டும் என்று போட்டிருக்கவில்லை. அதை அட்டைப் பெட்டியில் அச்சிடட்டும். அதுவரை, எந்தப் பேனா என்று எழுதித்தருமுன் மருத்துவர் மருந்தோடுள்ள பேனா ஒன்றை நோயாளியிடம் கொடுத்து, விறைப்பு விடாத காலை வேளையில், மூடியை மட்டும் கழற்றிக் காட்டச் சொல்லட்டும்.