நலப்பொருள் விளக்கத்தாளின் தமிழ்

மொழி அறிவிக்கவும் பயன்படும், மயக்கவும் பயன்படும். கவிதையில் மயக்கம் அழகாகலாம். மருந்துத் தாளில் அது கேடாகவே முடியும். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் விற்பனையாகும் நலப்பொருள்களின் தமிழ் விளக்கத்தாள்களை இந்நோக்கில் ஆராய்தல் தகும்.

இத்தாள்கள் பலவற்றில் மூன்று குற்றங்கள் காணப்படுகின்றன. முதலாவது, அளவற்ற அடைமொழி. 'அரிய', 'அற்புத' என்பன நிறைய உண்டு. மூலிகையின் பெயரும் உண்டு. அது எத்தனை மில்லிகிராம் என்பது மட்டும் இல்லை.

இரண்டாவது, வினையை நழுவவிடுதல். நீரிழிவு, இரத்த அழுத்தம், புற்று உள்ளிட்ட 20 நோய்களுக்கு மருந்தென்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை மலேசியாவின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கின்றது. ஆதலின், 'தீர்க்கும்' என்று எழுத அஞ்சுவோர், 'இனிப்புநீர் உடையோர்க்கு உற்ற துணை' என்று எழுதுகின்றனர். சொல் மாறிற்று, படிப்பவர் கொள்ளும் பொருள் மாறவில்லை.

மூன்றாவதே பெருங்குற்றம். புகழ்ச்சி பெரிய எழுத்தில், தமிழில் அமைகின்றது. எச்சரிக்கையோ பொடியெழுத்தில், மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒதுங்கிவிடுகின்றது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த மூதாட்டிக்கு அத்தாளில் பாதி மறைக்கப்பட்டதாகின்றது.

இது வெறும் நடைக்குற்றம் அன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர் எனத் தெரியவந்தது. இந்தியரிடையே இது மிக மிகுதி. தாளை நம்பி மருந்தகத்து மாத்திரையை நிறுத்தியவர் சிறுநீரகத்தையோ காலையோ இழக்க நேரலாம். பதிவு பெறாத மூட்டுவலி மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்னும் இயக்கநீர் மருந்து மறைவாகக் கலந்திருந்ததைச் சுகாதார அதிகாரிகள் பன்முறை கண்டறிந்துள்ளனர். அத்தகைய கலப்பை எந்தத் தாளும் சொல்லாது.

'பதிவெண் உள்ளதே' என்பார் உளர். எம்.ஏ.எல். எனத் தொடங்கி 'டி' என்னும் எழுத்தில் முடியும் எண், அது பதிவு பெற்ற பாரம்பரிய மருந்து என்பதைக் காட்டும். அப்பதிவுக்குத் தரமும் பாதுகாப்பும் ஆராயப்படுகின்றன. நோயைத் தீர்க்கும் என்பதற்கு அவ்வெண் சான்றாகாது. இவ்வேறுபாட்டை ஒரு வரியில் எழுதும் தாளே நேர்மையான தாள்.

பாரம்பரிய மருந்தைப் பழித்தல் இங்கு நோக்கமன்று. விற்பவர் தம் பொருளைப் புகழ்தலும் இயல்பே. ஆயினும் புகழ்ச்சிக்குமுன் தகவல் வரவேண்டும். பொருள் யாது, எதனால் ஆயது, வேளைக்கு எவ்வளவு, எவர் உண்ணலாகாது, எம்மருந்தோடு சேரலாகாது, ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது என்னும் ஆறும் ஒரே அளவு எழுத்தில், தமிழில் அமைதல் வேண்டும். முற்காலத்தில் தோட்டத்து டிரசர் கொடுத்த மருந்துப் போத்தலில், வேளையளவைக் காட்டும் காகிதக் கோடுகள் ஒட்டப்பட்டிருந்தன. அதில் புகழுரை இல்லை. உண்பவர் அறியவேண்டிய அளவு இருந்தது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்னும் பெயருடையது. அதில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. உண்ணும் அளவும், நோயின் காரணத்தை நாடும் முறையுமே பேசப்படுகின்றன. அவ்வதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், இத்தகைய தாள் ஒன்றையும் வகுப்பிற்குக் கொணர்ந்து, அடைமொழிகளை நீக்கி எஞ்சுவது யாது என மாணவரைக் கேட்கலாம். எஞ்சுவது ஒன்றுமில்லையெனில், வாங்கத்தக்கதும் ஒன்றுமில்லை என்பது அவர்க்கே விளங்கும். வீட்டில் பாட்டிக்கு அத்தாளைப் படித்துக் காட்டுபவர் அம்மாணவரே அன்றோ?