மேடைக்குப் பின்னால் ஒரு குடும்பம்

நாடகக்காரர் என்றாலே முகம் சுளித்த காலம் ஒன்று இருந்தது. நம் இல்லங்களிலும் அந்தச் சுளிப்புக்குக் குறைவில்லை. அத்தகைய இல்லங்களிலேதான் ஔவை டி.கே. சண்முகம் எழுதி, 1972-இல் வெளிவந்த 'எனது நாடக வாழ்க்கை' படிக்கப்பட வேண்டும் என்போம். நாடக வரலாறு என்று இந்நூலைப் பலரும் போற்றுவர். நாமோ இதனை ஊர் ஊராய் அலைந்து பிழைத்த ஒரு குடும்பத்தின் வரலாறாகவே காண்கிறோம்.

கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடத்தில் பெயர் பெற்ற நடிகர். 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தபோது, தம் மைந்தர் சங்கரன், முத்துசாமி, சண்முகம் மூவரையும் அதில் சேர்த்தார். சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. கடைக்குட்டி பகவதி பின்னர் வந்து சேர்ந்தார். பள்ளிக்குச் செல்ல வேண்டிய பருவத்தில் அரிதாரம் பூசிய பிள்ளைகள் இவர்கள்.

பால சபைச் சிறுவனுக்கு மூலதனம் குரல் ஒன்றே. பருவம் வந்து மகரக்கட்டு ஏற்பட்டதும் அம்முதல் ஒரே நாளில் கரைந்துவிடும். நேற்றுவரை இராஜபார்ட்டாகக் கைதட்டல் பெற்றவன் இன்று போக்கிடமின்றி நிற்பான். இந்தச் சகோதரர்களைக் காத்தது குடும்பக் கட்டு. 1925-இல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தமக்கெனத் தொடங்கினர். மூத்தவர் நிர்வாகம் பார்த்தார். அடுத்தவர் இசையும் எழுத்தும் ஏற்றார். இளையவர் இருவரும் மேடையைத் தாங்கினர். குரல் உடைந்தும் குடும்பம் உடையவில்லை. ஆயின், அண்ணன் தம்பி துணையற்ற மற்றச் சிறுவர்களின் கதி என்ன ஆயிற்று? ஆசிரியர் அதனை இன்னும் விரித்துரைத்திருக்கலாம்.

திருப்பனந்தாளில் அமர்ந்து இந்நூலைப் படிக்கையில் வேறொன்றும் விளங்குகிறது. நம் வட்டாரத்தில் சம்பா அறுவடை முடிந்து நெல் விலையான பிறகே உழவர் கையில் காசு புரளும். அடைமழைக் காலத்தில் கொட்டகைக்கு யார் வருவார்? வசூல் குறைந்தாலும் சபையில் அத்தனை பேருக்கும் உலை கொதித்தாக வேண்டும். நாடகக் குடும்பத்தின் வயிறும் வயலைத்தான் நம்பியிருந்தது.

நூலின் பெருங்குறை எதுவெனில், நாடகப் பாத்திரங்களுக்குக் கிடைத்த இடம் வீட்டுப் பெண்டிருக்குக் கிடைக்கவில்லை என்பதே. தந்தை பெண் வேடத்தால் புகழ் கொண்டார்; மகனோ 1942-இல் அரங்கேறிய 'ஔவையார்' நாடகத்தில் மூதாட்டியாய் நடித்து அப்பெயரையே பட்டமாய்ப் பெற்றார். பெண்ணின் வடிவம் இவ்வாறு இரு தலைமுறைக்குச் சோறளிக்க, அவ்வீட்டுப் பெண்களின் உழைப்போ திரைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது.

இதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய நம் சபுராளிகளின் கதைகளிலும், ஊரில் பிள்ளைகளை வளர்த்து வழிபார்த்திருந்த பெண்களுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கினோம்? பொருளீட்டியவன் பெயர் நின்றது. வீட்டைக் காத்தவள் பெயர் மறைந்தது.

ஆசிரியரின் நடை எளியது, தற்புகழ்ச்சி குறைவு, ஆசானிடம் கொண்ட பக்தி உருக்கமானது. அவர் 1973-இல் மறைந்தார். மறைவதற்கு முன் இதனை எழுதி வைத்தது தமிழ் பெற்ற பேறு. வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கத் தக்க நூல். வாசித்து முடித்தபின், நம் வீட்டு மூதாட்டியரிடம் அவர்தம் கதையையும் கேட்டு எழுதி வைப்போமாக.