எழில் மொழி: எதற்கு உதவும், எங்கே போதாது?

தமிழிலேயே கணினிக்கு நிரல் எழுத முடியுமா என்று மாணவர்கள் கேட்டால், முடியும்னு சொல்லுங்க. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' இருக்கிறது. 2009இலேயே அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்.

எனக்குப் பிடித்தது அதன் சொல்வரிசை. தேக்கா சந்தையில், "மீன் பத்து வெள்ளிக்கு மேலே போனால் வாங்காதே" என்கிறோம். நிபந்தனை முதலில், 'ஆல்' அதன் பின்னே. எழிலிலும் அப்படித்தான்:

@( விலை > 10 ) ஆனால்

பைத்தானில் 'இஃப்' முன்னால் வந்து நிற்கும். ஆனா ஒரு சிக்கல். 'ஆனால்' என்றதும் நம்ம பிள்ளைங்க எதிர்மறை இணைப்புச் சொல்லைத்தான் நினைப்பாங்க. இது 'ஆகு' என்ற வினையின் நிபந்தனை எச்சம் என்று விளக்கிவிட்டே தொடங்கணும். (இலக்கண வகுப்புக்கு நல்ல சாக்கு!)

பெரிய குறை வேறு. எழிலே பைத்தானில் எழுதப்பட்டதுதான். பைத்தானுக்கு இருக்கும் ஆயத்த நிரல் தொகுப்புகள் இதற்கு இல்லை. நம் சாதாரண நிலைக் கணினிப் பாடமும் பைத்தானில்தான். எழில் பரவலாகும் என்று நான் நம்பவில்லை. அறிமுகத்துக்கு இரண்டு வகுப்பு போதும்.

அதற்குப் பிறகு பைத்தான் 3க்கு வாங்க. அதில் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம்: மதிப்பெண் = 75. வகுப்பில் தாராளமாகச் செய்யுங்க. தேர்வில் மட்டும் வினாவில் கொடுத்த பெயர்களை மாற்றாதீங்க.