பார்க்க வேண்டிய எண் 1,195

650 குதிரைத்திறன் என்றதும் பலருக்கு முகம் சுருங்கியது. 2025 டிசம்பரில் டொயோட்டா தன் ஜிஆர் ஜிடி காரின் முன்மாதிரியைத் திரை விலக்கிக் காட்டியபோது, ரசிகர்கள் உடனே குதிரைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். புதிய போர்ஷே 911 டர்போ எஸ்ஸுக்கு 711. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடியின் ஹைப்ரிட் வடிவத்துக்கு 816. செவ்ரலே கார்வெட் இசட்ஆர்1-க்கு 1,064. 2027 வாக்கில் விற்பனைக்கு வரப்போகிற கார், நான்கு லிட்டர் வி8 எஞ்சின், இரண்டு டர்போ, ஒரு மின்மோட்டார் எல்லாம் வைத்துக்கொண்டு "650-க்குக் குறையாது" என்று மட்டும் சொன்னால் யாருக்குத்தான் ஏமாற்றம் வராது?

எனக்கு வரவில்லை. அதே விவரத்தாளில் பலர் கண் போகாத இன்னோர் எண் இருக்கிறது. காரின் உயரம் 1,195 மில்லிமீட்டர். வரப்போகும் காரைப் பற்றி ஊகம் செய்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைப் போன்ற எண்களைத்தான். குதிரைத்திறனைக் கடைசி மாதங்களில்கூடக் கொஞ்சம் கூட்டிக் கொள்ளலாம். கூரையின் உயரம் அப்படி அசைந்து கொடுக்காது. எஞ்சின் எங்கே உட்காரும், ஓட்டுநர் எங்கே உட்காருவார், எடை எங்கே தங்கும் என்பதெல்லாம் முடிவான பிறகுதான் அந்த எண் பிறக்கிறது. ஒரு காரின் குணம் அங்கே எழுதப்பட்டுவிடுகிறது.

முன்னால் எஞ்சின் வைத்த காரில் இந்த உயரம் எளிதில் கைகூடாது. ஓட்டுநரின் பார்வை பானெட்டைத் தாண்டிப் போக வேண்டும். பானெட் எஞ்சினைத் தாண்டி நிற்க வேண்டும். ஆக, எஞ்சின் இறங்கினால்தான் இருக்கை இறங்கும். இருக்கை இறங்கினால்தான் கூரை இறங்கும். சாதாரண எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆழமான தொட்டி உண்டு. இங்கே அது இல்லை. பந்தயக் கார்களில் வரும் டிரை சம்ப் முறையில் எண்ணெய் தனித் தொட்டிக்குப் போய், பம்புகள் வழியாகத் திரும்பி வருகிறது. நீண்ட வளைவுகளில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி எஞ்சின் தாகத்தில் தவிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு உதவும். அதோடு, தொட்டி போன அளவுக்கு எஞ்சினும் தரையை நோக்கி இறங்கும். சிலிண்டரின் விட்டம் 87.5 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 83.1. பிஸ்டனின் நடையைக் குறைத்ததும் எஞ்சினின் உயரத்தைக் குறைக்கத்தான்.

டர்போக்கள் இரண்டும் வி வடிவத்தின் உட்பள்ளத்தில் இருக்கின்றன. எரிந்த வாயு நெடுந்தூரம் அலையாமல் நேராக டர்போவை எட்டுவதால் மிதித்தவுடன் பதில் வரும். கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டியில்லை. பின்சக்கரங்களுக்கு நடுவே போயிருக்கிறது. இரண்டையும் கார்பன் இழையில் செய்த நீண்ட குழாய் இணைக்கிறது. மின்மோட்டாரும் அந்தப் பின்கட்டிலேயே இருக்கிறது. இத்தனை இடமாற்றத்தின் விளைவு, முன்னால் 45 பங்கு எடை, பின்னால் 55. எஞ்சின் முன்னால் இருக்கிற காருக்கு இது அபூர்வமான கணக்கு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வது இயல்பு. பின்னால் கொஞ்சம் கூடுதலாக வைத்துத் தொடங்கினால் அந்தச் சாய்வுக்குப் பிறகும் நான்கு டயர்களும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். வளைவிலிருந்து வெளியேறி மிதிக்கும்போது, சாலையை உந்துகிற பின்டயர்கள் மேல் அழுத்தம் ஏற்கெனவே தயாராக இருக்கும்.

தலையில் குடம் வைத்திருப்பவள் சட்டென்று திரும்ப மாட்டாள்; இடுப்பில் வைத்திருப்பவள் திரும்பிவிடுவாள். தண்ணீர் அதே அளவுதான். டொயோட்டா இந்தக் காரின் மூன்று ஆதாரங்களில் முதலாவதாகத் தாழ்ந்த ஈர்ப்பு மையத்தைச் சொல்வதன் பொருள் இதுதான். ஓட்டுநரின் ஈர்ப்பு மையமும் காரின் ஈர்ப்பு மையமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அமையும்படி இருக்கையை வைத்திருப்பதாக அவர்கள் சொல்கிறார்கள். கார் திரும்பும்போது ஓட்டுபவரின் உடம்பைச் சுற்றியே அது திரும்புகிற உணர்வு கிடைக்க வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது.

போட்டியாளர்கள் யார் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 2014-இல் வந்த முதல் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடியை நினைத்துப் பாருங்கள். நான்கு லிட்டர் வி8, பள்ளத்தில் இரட்டை டர்போ, டிரை சம்ப், பின்னால் கியர்பாக்ஸ், அலுமினியக் கூடு, இரண்டே இருக்கை, முன்னும் பின்னும் 47:53. ஜிஆர் ஜிடியின் சமையல் குறிப்பு ஏறக்குறைய அதேதான். அந்த வரிசையின் உச்சம் 2020-இல் வந்த பிளாக் சீரிஸ்: 730 குதிரைத்திறனோடு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் முழுச் சுற்றை 6 நிமிடம் 48.047 நொடியில் முடித்தது. 2023-இல் இரண்டாம் தலைமுறை வந்தபோது ஏஎம்ஜி வேறு வழியில் போய்விட்டது. கியர்பாக்ஸ் எஞ்சினுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை வந்தது. பின்னால் இரண்டு சிறு இருக்கைகளும் சாமான் வைக்க இடமும் கூடின. எடை இரண்டு டன்னை நெருங்கியது. நல்ல கார்தான், வசதியான கார்தான். ஆனால் பழைய காரை நேசித்தவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியானது. டொயோட்டா அந்த நாற்காலியைத்தான் இழுத்துப் போட்டுக்கொள்கிறது என்பது என் கணிப்பு.

இன்று அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பது ஆஸ்டன் மார்ட்டின் வான்டேஜ். அதுவும் முன்னால் வி8, பின்னால் எட்டு கியர் தானியங்கிப் பெட்டி, பின்சக்கர ஓட்டம், 665 குதிரைத்திறன், சரிபாதி எடைப் பங்கீடு. அமைப்பில் ஜிஆர் ஜிடியின் நெருங்கிய உறவு இதுதான். ஆனால் வான்டேஜின் எஞ்சின் ஏஎம்ஜி கொடுத்தது. டொயோட்டாவோ எஞ்சினைத் தானே புதிதாகச் செய்கிறது. ஒரு கையில் உருவான இசைக்கும், வேறு கையிலிருந்து வாங்கிய வாத்தியத்தில் வாசிக்கும் இசைக்கும் உள்ள வேறுபாட்டை ரசிகர்கள் தேடுவார்கள் என்று நினைக்கிறேன்.

911 டர்போ எஸ் இன்னொரு மதம். எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால். நான்கு சக்கர இழுவிசை. 3.6 லிட்டர் எஞ்சினின் இரண்டு டர்போக்களையும் மின்சாரம் சுழற்றிவிடுகிறது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 2.5 நொடி. சிக்னலில் பக்கத்தில் நின்றால் ஜிஆர் ஜிடி தோற்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கார்வெட் எஞ்சினை நடுவில் வைத்திருக்கிறது. ஆயிரம் குதிரைகளைத் தாண்டியும் விலையில் ஐரோப்பியர்களை வெட்கப்பட வைக்கிறது. இந்த இருவரோடு குதிரைக் கணக்கில் மோதுவது டொயோட்டாவின் நோக்கமாக இருந்திருந்தால் மின்மோட்டாரைப் பெரிதாக்கி முன்னச்சிலும் ஒன்றை வைத்திருப்பார்கள். ஹைப்ரிட் தொழில்நுட்பத்தில் உலகுக்கே பாடம் எடுத்த கம்பெனிக்கு அது தெரியாத வித்தையா? வேண்டாம் என்று விட்டதில்தான் கலை இருக்கிறது.

அந்த முடிவுக்குப் பின்னால் பந்தயக் களம் நிற்கிறது. ஜிஆர் ஜிடியோடு சேர்ந்தே ஜிஆர் ஜிடி3 என்ற பந்தயக் காரும் உருவாகிறது. ஜிடி3 வகைப் பந்தயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. எந்தக் கார் வேகமாக இருந்தாலும் நிர்வாகிகள் அதன் எடையைக் கூட்டியோ சக்தியைக் குறைத்தோ எல்லோரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஹைப்ரிட் மோட்டாருக்கும் அங்கே இடமில்லை; ஃபெராரி 296கூட மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் களமிறங்குகிறது. ஆக, குதிரைத்திறனை எவ்வளவு ஏற்றினாலும் அங்கே பயனில்லை. டயரை எவ்வளவு மென்மையாகத் தேய்க்கிறது, இரவில் களைத்த ஓட்டுநரை எவ்வளவு நம்பிக்கையாக வைத்திருக்கிறது, இடிபட்ட பிறகு எவ்வளவு சீக்கிரம் பழுதுபார்க்கலாம் என்பவைதான் 24 மணி நேரப் பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிக்கின்றன. இதுவரை டொயோட்டா குழுமத்துக்காக இந்த வகையில் ஓடிய லெக்ஸஸ் ஆர்சி எஃப், சாலைக்காகப் பிறந்து பந்தயத்துக்கு மாற்றப்பட்ட கூப்பே. இந்த முறை பந்தயத் தேவையிலிருந்து சாலைக் காரை இறக்குகிறார்கள். வடிவமைப்பாளர் படம் வரைந்த பிறகு காற்றியல் பொறியாளர் திருத்துவதுதான் வழக்கம். இங்கே காற்றியல் வடிவம் முதலில், அழகு அதற்குப் பிறகு.

இந்த வரிசை மாற்றத்துக்கு ஒரு மனக்காயமும் காரணம். பின்னாளில் டொயோட்டாவின் தலைவரான அகியோ டொயோடா இளைய நிர்வாகியாக இருந்தபோது, கம்பெனியின் தலைமைச் சோதனை ஓட்டுநர் ஹிரோமு நருசே, ஓட்டத் தெரியாதவர் காரைப் பற்றிப் பேசக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். பிறகு நருசேயே ஆசானாகி அவரை நூர்பர்க்ரிங்கில் பழக்கினார். அவர்கள் ஓட்டியது பழைய சுப்ரா. மற்ற கம்பெனிகளோ முகமூடி போட்ட புதிய கார்களைச் சோதித்துக்கொண்டு இவர்களைக் கடந்து போயின. இப்படி ஒரு காரை உங்களால் செய்ய முடியாது என்று அவை சொல்லிவிட்டுப் போவதாகத் தோன்றியதை அகியோ பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். 2010-இல் நருசே, லெக்ஸஸ் எல்எஃப்ஏவைச் சோதிக்கும்போது நூர்பர்க்ரிங்குக்கு அருகே விபத்தில் இறந்தார்.

ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவார்கள். பழையது சிதைந்ததால் அல்ல. தச்சனின் கைத்திறன் அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும் என்பதும் அதன் பயன். டொயோட்டா தன் ஸ்போர்ட்ஸ் கார் மரபை இந்தச் சடங்கின் பெயரால்தான் விளக்குகிறது. 1967-இல் 2000ஜிடி. 2010-இல் எல்எஃப்ஏ, 500 கார்களோடு 2012-இல் நிறுத்தப்பட்டது. இப்போது ஜிஆர் ஜிடி. இந்த முறை பழைய தச்சர்களின் பக்கத்தில் இளையவர்கள் நின்று கற்றார்கள்.

எனக்கு உள்ள குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 1,750 கிலோவுக்கு மிகாது என்கிறார்கள். இரண்டு இருக்கைக் காருக்கு அது லேசானது இல்லை. 911 டர்போ எஸ் 1,725 கிலோவில் நான்கு சக்கர இழுவிசையையும் கொடுத்துவிடுகிறது. அகலம் சரியாக இரண்டு மீட்டர். ஜப்பானிய மலைச்சாலைகளிலேயே அது இறுக்கமாக இருக்கும். சத்தத்தைப் பற்றியும் கவலை உண்டு. எல்எஃப்ஏவின் வி10 எஞ்சின் 9,000 சுற்றுகளை எட்டிய வேகத்துக்கு முள்காட்டி ஈடுகொடுக்க முடியாமல் மின்னணுத் திரை வைக்க வேண்டியிருந்தது. டர்போ வைத்த வி8 அந்த உச்சஸ்தாயியைத் தொடாது. கீழ்ஸ்தாயியில் அது என்ன பாடப்போகிறது என்பதில்தான் யமஹாவோடு சேர்ந்து எல்எஃப்ஏவுக்குச் சுருதி கூட்டிய பரம்பரையின் மானம் இருக்கிறது.

என் ஊகம் இதுதான். நேர்கோட்டில் போர்ஷேயிடம் தோற்கும். நூர்பர்க்ரிங்கில் ஏழு நிமிடத்தை ஒட்டி நிற்கும். தாழ்ந்த எடையும் அகன்ற பின்டயர்களும் கைகொடுத்தால் அதற்குள்ளும் வரலாம். விமர்சகர்கள் வேகத்தைவிட ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் அதிகம் புகழ்வார்கள். விற்பனை எண்ணிக்கை பெரிதாக இருக்காது. இந்தக் காரின் வெற்றியை நான் அளக்கப்போவது சுற்று நேரத்தால் அல்ல. அடுத்த தலைமுறை ஏஎம்ஜி ஜிடியின் விவரத்தாள் வரும்போது கியர்பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். அது மறுபடி பின்சக்கரங்களுக்கு நடுவே போயிருந்தால், ஒரு காலத்தில் நூர்பர்க்ரிங்கில் கடந்து போனவர்களை டொயோட்டா கடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.