வாசிப்பு வீழ்ந்தது யாருக்கு? – பட்டாசு வட்டாரத்திலிருந்து சில குறிப்புகள்

'இளைய தலைமுறை வாசிப்பதை விட்டுவிட்டது' என்கிற வாக்கியத்தில் 'விட்டுவிட்டது' என்ற வினைதான் எனக்கு உறுத்துகிறது. விட வேண்டுமானால் முதலில் கையில் இருந்திருக்க வேண்டும். யார் கையில் இருந்தது? எந்த ஊரில்? புத்தகக் கண்காட்சி மேடைகளிலும் சிறுபத்திரிகைத் தலையங்கங்களிலும், கூட்டம் முடிந்து டீக்கடை வாசலில் நிற்கும்போதும் இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. புலம்புகிறவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர், அல்லது ஓய்வூதியக்காரர். (நானும் அந்த வர்க்கத்தில் சேர்த்திதான்.) தன் இருபதாவது வயதில் மொட்டைமாடியில் ஜானகிராமனைப் படித்த ஞாபகத்தை அவர் ஒரு தலைமுறையின் வரலாறாக மாற்றிவிடுகிறார். தனியறை, மௌனம், ஓய்வு, புத்தகம் வாங்கக் காசு எல்லாம் சேர்ந்து உருவாக்கிய ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு 'வாசகன்' என்று பொதுப்பெயர் சூட்டி, அந்த அச்சில் பொருந்தாதவர்களை வாசிக்காதவர்கள் என்று ஒதுக்குகிற காரியம் இது. ஆசிரியன் செத்து வாசகன் பிறந்துவிட்டான் என்று பார்த்தைச் சாட்சிக்கு அழைத்து நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். பிறந்த பிள்ளைக்கு எந்த ஊர், யார் வீடு என்று மட்டும் விசாரிக்கவில்லை.

விசாரித்துப் பார்க்கலாம். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் கிராமங்களை எடுத்துக்கொள்கிறேன். அச்சங்குளம் அவற்றில் ஒன்று. இந்த ஊர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் போய், 'உங்க காலத்துல எல்லாரும் நல்லா வாசிச்சீங்களாமே' என்று கேட்டால் சிரிப்பாள். 1980களில் அவள் சிறுமி. விடியுமுன் ஊருக்கு ஊர் வந்து நிற்கிற வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு ஏறி 'தீப்பெட்டி ஆபீசு'க்குப் போனவள். (தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்பது இந்த வட்டார வழக்கு. எழுத்து வேலை நடக்கிற இடத்தின் பெயரை, எழுத்தறியாப் பிள்ளைகள் குச்சி அடுக்கிய இடத்துக்கு வைத்த புண்ணியவான் யாரோ!) பாமாவின் 'சங்கதி'யில் வருகிற மைக்கண்ணி இந்தச் சிறுமிதான். பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' இந்தப் பிள்ளைகளைப் பற்றிய படம்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசியை வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10இல் தீர்ப்புச் சொன்னது. ஆக, பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாருமே பள்ளிக்கூடம் போன முதல் தலைமுறை இங்கே அதற்குப் பிறகுதான் தலையெடுக்கிறது. அம்மா கட்டை அடுக்கினாள், மகள் பி.காம். படிக்கிறாள். இதில் வீழ்ச்சி எங்கே இருக்கிறது?

இந்த வட்டாரத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. எழுத்துக்கு இங்கே பஞ்சமே கிடையாது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை எல்லாருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். சிவகாசிக்கு அச்சு இப்படித்தான் வந்தது. தரங்கம்பாடியில் வேதத்தைப் பரப்ப வந்த அச்சுக்கும், பண்டிதர்கள் ஏடு பதிப்பிக்கக் கையிலெடுத்த அச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே அச்சு என்பது ஒட்டுகிற, மடிக்கிற, கட்டுக்கட்டாக எண்ணுகிற சரக்கு. பாடநூல், நோட்டு, டைரி, கைடு எல்லாம் இங்கிருந்து போகின்றன. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகிறது. வெடிக்குழாய் சுற்றுவதும் பழைய தாளில்தான். தீபாவளி மறுநாள் காலையில் எந்தத் தெருவிலும் குனிந்து பாருங்கள், கருகிய துண்டு ஒன்றில் ஏதோ ஒரு மொழியில் பாதி வாக்கியம் கிடக்கும். 'புத்தகம் மலிவாகக் கிடைத்தால் ஜனங்கள் வாசிப்பார்கள்' என்று நம்புகிற நண்பர்கள் ஒருமுறை சிவகாசிக்கு வந்து போகலாம்.

அப்படியானால் இங்கே வாசிப்பே இருந்ததில்லையா? இருந்தது. வேறு மாதிரி இருந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' நூல் இந்த இடத்தில் நமக்கு உதவுகிறது. பலர் கூடியிருக்க ஒருவர் வாய்விட்டு வாசிக்கிற மரபிலிருந்து, தனியே மௌனமாக வாசிக்கிற பழக்கத்துக்குத் தமிழ் மத்தியதர வர்க்கம் நகர்ந்ததை அவர் நாவலின் வருகையோடு இணைத்துக் காட்டுகிறார். நாவல் படித்து இளைஞர்களும் பெண்களும் கெட்டுப்போகிறார்கள் என்று அன்றைய பெரியவர்கள் பதறியதையும் காட்டுகிறார். நூறு வருஷம் முன்னால் வாசித்துக் கெட்டார்கள், இப்போது வாசிக்காமல் கெடுகிறார்கள். கெடுவது மட்டும் நிரந்தரம் போலிருக்கிறது.

அந்த நகர்வு கரிசல் கிராமங்களுக்கு முழுசாக வந்து சேரவில்லை. இங்கே படிப்பு என்பது வெகுகாலம் காதால் நடந்த காரியம். கோயில் வாசலில் பாரதம் படித்தார்கள். டீக்கடையில் தினத்தந்தியை ஒருத்தர் உரக்கப் படித்தார், பத்துப் பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் சும்மா கேட்கவில்லை. குறுக்கே புகுந்தார்கள், 'திரும்பப் படி' என்றார்கள், 'அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்' என்று மறுத்தார்கள். சங்கத்து ஆபீசிலும் கட்சிப் படிப்பகத்திலும் இதுவே நடந்தது. வெம்பக்கோட்டை பக்கத்து மேலாண்மறைநாட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த மேலாண்மை பொன்னுச்சாமி படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அவரை வாசகனாகவும் எழுத்தாளனாகவும் ஆக்கியது இடதுசாரி இயக்கமும் 'செம்மலர்' பத்திரிகையும். 2007க்கான சாகித்ய அகாதெமி விருது அவரது 'மின்சாரப் பூ' தொகுப்புக்குக் கிடைத்தது. இதைத் தனிமனித விடாமுயற்சிக் கதையாக்கிப் பள்ளி ஆண்டுவிழாவில் சொல்லிவிடுகிறோம். அந்த மனிதரைச் சுற்றி வாசித்துப் பேசிய ஒரு கூட்டம் இருந்ததைச் சொல்வதில்லை. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து நாடார்கள் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், காமராசர் அதில் படித்தார். அதுவும் ஒரு கூட்டம் சேர்ந்து செய்த காரியம்தான். அந்தக் கூட்டத்துக்கு வெளியே இருந்த சாதிகளின் பிள்ளைகள்தான் பின்னால் ஆபீஸ் வண்டியில் பெரும்பான்மையாக ஏறினார்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். திருநெல்வேலி அனுபவத்தை ச. தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' நூலில் எழுதியிருக்கிறார். ராத்திரி விளக்கடியில் கூடி உட்கார்ந்து வாசிப்பது, பிறகு தண்ணீர்க் குழாய்க்கும் ரேஷன் கடைக்கும் சேர்ந்து மனு எழுதுவது என்று போனது அது. புதுக்கோட்டையில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி இந்த மனுக்களையும் கையெழுத்துகளையும் வைத்தே 2013இல் ஒரு புத்தகம் எழுதினார். எழுத்தைக் கற்றால் உலகத்தை வாசிக்கலாம், மாற்றலாம் என்ற பாவ்லோ ஃபிரேயரின் நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. எல்லா இடத்திலும் பலித்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இலக்கு முடிந்ததாகப் புள்ளிவிவரம் எழுதியதும் விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கூடி உட்கார்ந்த இடம் அதோடு கலைந்தது. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,600 ஊராட்சிகளுக்கு நூலகக் கட்டடம் வந்தது. இந்தப் பக்கம் நான் பார்த்த பலவற்றில் பூட்டுத்தான் தொங்கியது. 1948இன் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறவர்கள் இந்த ஜனங்கள். வாசிக்கவில்லை என்ற பழியும் அவர்கள் மேல்தான்.

வீழ்ச்சி என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது, அதை மறுத்தால் நான் பொய்யனாவேன். பள்ளிகள் அடைத்துக்கிடந்த கொரோனா காலத்துக்குப் பின், 2022இன் ஏசர் ஆய்வில், தமிழகக் கிராமப்புறத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 2018இலேயே பத்துப் பேர்தான். திறன்பேசியைத் திட்டி இதைத் தீர்க்க முடியாது. நூலகம் திறந்திருக்கிற டவுன்களில் போய்ப் பாருங்கள், இளைஞர்கள் நிறைந்திருப்பார்கள். எல்லார் கையிலும் குரூப் 4 கைடு. 2022இல் 7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 'இதெல்லாம் வாசிப்பா?' என்று நம் விமர்சகர் உதட்டைப் பிதுக்குவார். எனக்கு அந்தப் பிதுக்கல் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு அது சோறு. ஆனால் ஒரு கேள்விக்கு நாலு விடை, அதில் சரியான ஒன்று ஏற்கெனவே எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்கிற அந்த வடிவத்தை யோசித்தால் பயமாகத்தான் இருக்கிறது. குறுக்கே புகுந்து 'அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்' என்று சொல்ல அதில் இடமே இல்லை. பிரதியோடு மல்லுக்கு நிற்க ஆள் கிடையாது. டீக்கடையில் எழுத்தறியாதவருக்கு இருந்த அந்த உரிமை பட்டதாரிக்கு இல்லாமல் போயிற்று.

இதன் விலை என்ன என்பதைப் பட்டாசு ஆபீசில் பார்க்கலாம். ஒவ்வொரு அறைக்கு வெளியிலும் உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. ஏதோ ஓர் ஆபீசில் வேலை பார்க்கிற, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் என்னிடம் சொன்னான்: "போர்டுல நாலு பேருன்னு போட்டிருக்கு அண்ணாச்சி. உள்ள நாங்க ஏழு பேரு. வாசிக்கத் தெரியாமலா இருக்கோம்?" அவன் அம்மாவுக்கு அந்தப் போர்டு வெறும் பெயிண்ட். இவனுக்கு அது எழுத்து. ஆனால் திருப்பிக் கேட்க முடியாத எழுத்து. கொத்து ரேட்டுக்காரன் திருப்பிக் கேட்டால் மறுநாள் வண்டி அவன் தெருவில் நிற்காது. 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. உரிமம் ஒருவர் பேரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் தொழில் நடத்தியது வெளியே வந்தது. உரிமம் என்பதும் ஒரு பிரதிதான். அதில் எழுதியிருந்த பெயருக்கும் அறைக்குள் நடந்ததற்கும் உள்ள தூரத்தை அந்த ஊரில் எல்லாரும் முன்பே வாசித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கூட்டு வாசிப்பு அடியோடு செத்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, பசுமைப் பட்டாசு மட்டும் செய்யலாம் என்றது. ஆபீஸ்களை மாதக்கணக்கில் மூடிப்போட்டார்கள். வேலையில்லாத அந்த நாட்களில் ஒரு டீக்கடை பெஞ்சில் காலேஜ் பையன் ஒருவன் போனில் வந்த செய்தியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் பெண்கள். 'பேரியம் நைட்ரேட்' என்ற இடத்தில் ஒரு கிழவி நிறுத்தினாள்.

"அது எது?"

"பச்சை உப்பு ஆச்சி. பச்சையா எரியுமே, அது."

"அது போடக் கூடாதா?"

"கூடாதாம்."

"பெறகு அதுக்குப் பேரு பச்சைப் பட்டாசாக்கும்?" என்றாள் கிழவி. "திரும்பப் படி."

அவன் முதலிலிருந்து படித்தான்.